பொய்ச்சாமி நடந்த நடை

நல்ல காரியம் செய்யப் புறப்படுகிறவனைக் கண்ணாடி முன்னால் நிற்க விடக்கூடாது. என்னை விட்டுவிட்டார்கள். அதன் பலனை நான் ஒருவன் மட்டும் அனுபவித்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

2006 அல்லது 2007, கார்த்திகை மாதம். எனக்கு நாற்பது வயது நடந்துகொண்டிருந்தது. கம்பத்தில் விதைக்கடை வைத்திருந்தேன் (இப்போதும் அதே கடைதான், அதே கல்லாப்பெட்டிதான்). விதை வியாபாரிக்குத் தொழில் வியாதி ஒன்று உண்டு. 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. தக்காளி எத்தனை நாளில் காய்க்கும், மழை எப்போது இறங்கும், மகளுக்கு இந்த வருஷமாவது வரன் அமையுமா என்று யார் எதைக் கேட்டாலும் "கவலைப்படாமப் போங்க, எல்லாம் நல்லா வரும்" என்று சொல்லியே பழகிய வாய். அந்த வாய்தான் என்னைக் கவிழ்த்தது.

உத்தமபாளையத்தைத் தாண்டி ராயப்பன்பட்டிப் பக்கம் போகிற சாலையில், தென்னந்தோப்புக்குள் ஓர் இல்லம் இருந்தது. இனிமேல் குணப்படுத்த வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பிவிட்டவர்களை, பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்களை, நான்கு கன்னியாஸ்திரீகள் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வலியைக் குறைப்பார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள். தூங்க வைப்பார்கள். என் மாமனார் கடைசி நாற்பது நாள் அங்கேதான் இருந்தார். அதற்கு முன்பு வீட்டில் கிடந்தபோது அவர் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று நாங்கள் டிவியை அலற விட்டிருந்தோம். அங்கே போன மூன்றாம் நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மணமேடையில் நான் வேட்டி தடுக்கி விழுந்த கதையை சிஸ்டருக்குச் சொல்லிச் சிரித்தார். என் மனைவி செல்வி அதைக் கதவோரம் நின்று பார்த்து அழுதாள். நானும் அழுதேன்.

ஊரில் அந்த இல்லத்துக்குப் பெயர் 'சாவு வீடு'. "அங்கன போனவுக யாரு திரும்பியிருக்காக?" என்று கேட்பார்கள். திரும்பப் போவதில்லை என்று தெரிந்துதானே சேர்க்கிறார்கள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதனால் பல வீடுகளில் நோயாளியை உள்ளேயே வைத்து, கோயில் கோயிலாகப் போய், மூச்சு இழுக்கிற நேரத்தில்தான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். இந்தப் பயத்தைப் போக்கத்தான் நடைப்பயணம் ஏற்பாடானது. ஆண்டிபட்டியில் தொடங்கி இல்லத்து வாசல் வரை, மூன்று நாள். வழியெல்லாம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஜனங்களிடம் பேச வேண்டும். கூடவே யாராவது நன்கொடை தந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

பொறுப்பாளர் சிஸ்டர் லில்லிக்குக் கேரளா பக்கம். முந்தின வாரம் எங்கள் பதினொரு பேரையும் உட்கார வைத்து அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நடக்கிறது பெரிய காரியம் இல்ல, கேட்டோ. ஏதோ ஒரு வீட்டில ஏதோ ஒரு ஆளு, இனி இந்த வேதனையச் சகிக்க வேண்டாம்னு அறிஞ்சா மதி, அது போதும். அந்த ஒரு ஆளுக்கு வேண்டித்தான் நிங்கள் நடக்கிறது."

எல்லோரும் தலையாட்டினோம். நான் தலையாட்டிக்கொண்டே பேப்பரில் போட்டோ வந்தால் எந்தப் பக்கத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பனியன் வாங்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சிஸ்டர் வெள்ளை என்றார். கடையில் வெள்ளையைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு நெல்லுக் குதிருக்குத் தலை முளைத்த மாதிரி இருந்தது. கறுப்பைப் போட்டேன். வயிறு பாதியாகக் குறைந்தது. பதினொன்றும் கறுப்பு என்று முடிவாயிற்று. முன்னால் இல்லத்தின் பெயரும் பின்னால் 'வலியிலிருந்து விடுதலை' என்றும் வெள்ளை எழுத்தில் அச்சடிக்கச் சொன்னேன்.

"கார்த்திகையில கறுப்பா? மலைக்குப் போறவுக மாதிரி இருக்காதா?" என்று செல்வி கேட்டாள்.

"அதான் நெஞ்சுல எழுதியிருக்குல்ல. ஜனங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்றேன்.

"எங்கப்பாவுக்காக நடக்கிறீங்களா, போட்டோவுக்கு நடக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அன்றிலிருந்து முகச்சவரத்தையும் நிறுத்தியிருந்தேன் (சமூக சேவகருக்குத் தாடி ஒரு களை தரும் என்று யாரோ சொன்னார்கள்).

என்னோடு நடந்தவர்களில் ஒருவரை மட்டும் சொன்னால் போதும். காதர் மைதீன், உத்தமபாளையத்தில் டயர் கடை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆள் வாட்டசாட்டம், நெஞ்சுவரை தாடி. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். எங்கள் பக்கம் ராவுத்தர் வீடுகளோடு அப்படித்தான் பழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் மனைவி அந்த இல்லத்தில்தான் கண்ணை மூடினார். காதர் மாமா அளவுக்குப் பனியன் கிடைக்கவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பழைய ரப்பர் செருப்பு என்று வந்து நின்றார்.

நான் புது ஷூ போட்டிருந்தேன். ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் அது கடிக்கத் தொடங்கியது. பாதி வழியில் கால் நொண்டியது. தேனிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு குதிகாலிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். போதாததற்கு பேண்ட் தொடையில் உரசி, வெளியே சொல்ல முடியாத இடமெல்லாம் எரிந்தது. அன்று சாயங்காலம் தங்கிய பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வியர்வை நாறிய பனியனைத் துவைத்தேன். சும்மா துவைக்கவில்லை, கல்லில் அடித்துத் துவைத்தேன். இல்லத்தின் பெயரும் வலியும் விடுதலையும் சேர்ந்து சாக்கடையில் போயின. பனியன் போட்ட மற்ற ஒன்பது பேரும் மாற்றுப் பனியன் கொண்டுவந்திருந்ததால் துவைக்கவில்லை. பிறகு பக்கத்துக் கடையில் நாலு புரோட்டாவும் கோழிச் சால்னாவும் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் ஷூவுக்குள் கால் நுழையவில்லை. பேண்டைத் தொட்டாலே எரிந்தது. வேட்டி வாங்கப் போனேன். சீசன் நேரம். கடை வாசலில் கறுப்பும் நீலமுமாகத்தான் தொங்கின. கறுப்பு ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு பையோடு, வெறுங்காலில் கம்பம் ரோட்டில் நொண்டிக்கொண்டே போனேன். சபரிமலைக்கு நடந்து போகிறவர்கள் போகிற அதே ரோடு. ஒரு வாரத் தாடியும் சேர்ந்துகொண்டது. என்னைத் தவிர எல்லோருக்கும் நான் யாரென்று தெரிந்துவிட்டது.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். வீரபாண்டிப் பாலத்தைத் தாண்டி நான் தனியாக வந்துகொண்டிருந்தபோது ஒரு வேன் நின்றது. குடும்பமே இறங்கி வந்து காலில் விழுந்தது. பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் காலில்தான் விழுந்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு செம்பு மோர் கைக்கு வந்துவிட்டது. திறந்த வாயில் மோரை ஊற்றிக்கொண்டேன்.

"சாமி சரணம்" என்றார் அந்தக் குடும்பத் தலைவர்.

"சரணம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்து ரோடு பிரிகிற விலக்கில் பந்தல் போட்டு அன்னதானம் நடந்தது. கையைப் பிடித்து இழுத்து, நெற்றியில் சந்தனம் இட்டு உட்கார வைத்தார்கள். "சாமிக்கு இன்னொரு கரண்டி" என்று பொங்கலைக் குழிபறித்து நெய் ஊற்றினார்கள். கடையில் விதைப் பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி என்னை 'ஏலே' போட்டுப் பேசுகிறவர்களைப் போன்ற ஆட்கள் எனக்கு விசிறினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பிடித்திருந்தது. என் குரல் தானாகவே அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது. நடையில் ஒரு நிதானம் வந்தது (அது கொப்புளத்தால் வந்த நிதானம்). ஒரு கைக்குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பையில் இருந்த அறுபது நோட்டீசில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் நான் சாமி இல்லை என்று ஆகிவிடுமே.

சீலையம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், காலை பதினொரு மணி இருக்கும். திராட்சைப் பந்தல்களுக்கு நடுவிலிருந்து ஓர் அம்மா ஓடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ராமுத்தாய் என்று பிறகு தெரிந்தது. கும்பிட்ட கையைப் பிரிக்காமலே பேசினார்.

"சாமி, ஒரு எட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரக ஒரு மாசமாப் படுத்த படுக்கையாக் கெடக்காக. உங்க காலடி பட்டா நல்லாயிரும் சாமி."

போயிருக்கக் கூடாது. போனேன். தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீடு. வாசலில் என்னை நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து காலைக் கழுவினார். கொப்புளங்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்காகத்தானே சாமி இம்புட்டும் தாங்குறீக" என்று முந்தானையால் ஒற்றி எடுத்தார்.

உள்ளே கட்டிலில் அவர் கணவர் பெருமாள் படுத்திருந்தார். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். வாயிலிருந்து கன்னம் வரை புற்று. துண்டால் பாதி முகத்தை மூடியிருந்தார்கள். அந்த வாடை எனக்குத் தெரியும். மாமனாரின் அறையிலும் அதே வாடைதான் இருந்தது. கட்டில் சட்டத்தை அவர் பிடித்திருந்த பிடியும் எனக்குத் தெரியும். சத்தம் போடாமல் இருப்பதற்கு அப்படிப் பிடிப்பார்கள். துண்டுக்கு மேலே தெரிந்த கண் இரண்டும் என்னையே பார்த்தன.

"ராவெல்லாம் பொட்டுத் தூக்கம் கெடையாது சாமி. ஒரு மாசமாச்சு தூங்கி" என்றார் ராமுத்தாய். திருநீற்றுத் தட்டை என் முன்னால் நீட்டினார். "எந்தம்பி மூணு மணிக்கு ஆட்டோ கொண்டாரேங்கிறான். தேனிப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போவோம்ங்கிறான். இவுக உடம்பு தாங்குமான்னு தெரியல. கொண்டு போகவா, வேணாமா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சாமி."

சிஸ்டர் லில்லி சொன்ன அந்த ஒரு வீடு இதுதான். அந்த ஒரு ஆள் இவர்தான். பைக்குள் கையை விட்டால் நோட்டீஸ். முகவரி, போன் நம்பர், வலிக்கு மருந்து உண்டு என்ற செய்தி எல்லாம் அதில் இருந்தது. ஆனால் நோட்டீசை எடுத்தால், அம்மா நான் சாமி இல்லை, விதைக்கடைக்காரன் என்று சொல்ல வேண்டும். இப்போதுதான் என் காலைக் கழுவியிருக்கிறார்.

திருநீற்றை எடுத்து அந்த மனிதரின் நெற்றியில் பூசினேன். நெற்றி கொதித்தது.

"அலைய விடாதீங்க. ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம்" என்றது என் வாய். "ஒரு மண்டலம் பொறுங்க. கவலைப்படாம இருங்க, எல்லாம் நல்லா வரும்."

தக்காளி விதைக்குச் சொல்கிற அதே வாக்கு. ராமுத்தாய் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கேட்டீகளா, சாமி சொல்லிட்டாக!" என்று கணவரிடம் சிரித்தபடி சொல்லிவிட்டு, தம்பிக்குப் போன் போட்டு ஆட்டோ வேண்டாம் என்று சொல்லப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். நான் அந்த இரண்டு கண்களையும் பார்க்காமல் வெளியே வந்து ரோட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், கால் ஒத்துழைத்த அளவுக்கு.

சின்னமனூரில் ஒரு டீக்கடை முன்னால் காதர் மாமா எனக்காகக் காத்திருந்தார். மணி ஒன்றரை ஆகிவிட்டது. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டைக் கட்டியிருந்தார். அவர் பையில் ஒரு நோட்டீஸ்கூட மிச்சமில்லை. என் பையை வாங்கிப் பார்த்தார். கட்டு அப்படியே இருந்தது. என் நெற்றியைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே இது?"

சொன்னேன். மோரும் பொங்கலும் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைக்குப் பெயர் வைத்ததைச் சொன்னபோது டீ புரையேறியது. ராமுத்தாய் வீட்டைச் சொல்லத் தொடங்கியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆசுபத்திரி வேண்டாம்னா சொன்னீக?"

"வாயில வந்திருச்சு மாமா."

"அந்த மனுசன் கட்டிலப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தத பாத்துட்டும் சொன்னீக."

அப்போதும் நான் ஒரு தப்பிக்கிற வழி பார்த்தேன். "நீங்க போய்ச் சொல்லிட்டு வந்துருங்களேன் மாமா. நோட்டீசக் குடுத்தாப் போதும்ல?"

"நான் சொன்னா அந்தம்மா எதுக்குக் கேக்கணும்? சாமி ஒண்ணு சொல்லியிருக்கு, ஒரு பாய் வந்து வேற சொல்றாருன்னுதான் நெனைக்கும். வாக்குச் சொன்னது நீங்க. நீங்கதான் போய் எடுக்கணும். எந்திரிங்க."

வந்த திசையிலேயே திரும்பப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். அந்தப் பஸ்ஸிலும் மூன்று பேர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் 'சாமி' என்று கூப்பிட்டு டிக்கெட் கிழித்தார். நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். கால் தீயாக எரிந்தது. எரியட்டும் என்று இருந்தது.

எங்களைப் பார்த்ததும் ராமுத்தாய்க்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சாமி போய் இரண்டாக வந்திருக்கிறது.

"அம்மா, நான் சாமி இல்லை" என்றேன் வாசலிலேயே நின்று.

"அதெப்படி சாமி? உங்க வாயால நீங்க சாமின்னு சொல்வீகளா?" என்று கும்பிட்டார்.

"இல்லம்மா. நெசமாவே இல்லை. நான் மலைக்குப் போகலை. மாலையே போடலை." துண்டை எடுத்துக் கழுத்தைக் காட்டினேன்.

"என்னையச் சோதிக்கிறீக" என்று மறுபடி காலில் விழுந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களும் கும்பிட்டார்கள். நான் மறுக்க மறுக்க என் மவுசு ஏறிக்கொண்டே போனது. வேறு வழி தெரியாமல் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"அம்மா, நேத்து ராத்திரி தேனியில நாலு புரோட்டாவும் கோழிச் சால்னாவும் தின்னேன்!"

ஊரே அமைதியாகிவிட்டது. ராமுத்தாய் மெதுவாக எழுந்தார். கும்பிட்ட கை பிரிந்தது.

"கோழியா?"

"ஆமாம்மா."

"அடப் பாவி! கோழியத் தின்ன வாயாலயா எம் புருசனுக்கு வாக்குச் சொன்ன? கோழியத் தின்ன கையாலயா துன்னூறு பூசுன? உங் கொப்புளத்துக்கு நான் அழுதேனேடா!" அதற்கு மேல் அவர் பேசியதை அச்சில் போட முடியாது. அத்தனையும் எனக்குத் தகும். ஒருவர் என் துண்டைப் பிடித்து முறுக்கினார். காதர் மாமா நடுவில் வந்து நின்றார்.

ராமுத்தாய் அவர் தாடியைப் பார்த்தார், வெள்ளை வேட்டியைப் பார்த்தார். "குருசாமி, நீங்களாச்சும் சொல்லுங்க, இது அடுக்குமா?" என்றார்.

"நான் குருசாமி இல்ல தாயி. காதர் மைதீன். உத்தமபாளையத்துல டயர் கடை வச்சிருக்கேன்" என்றார் காதர் மாமா. தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்தார். "இவன அப்புறமா அடிங்க, நானே புடிச்சுத் தாரேன். மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க. எம் பொஞ்சாதிக்கும் இதே நோவுதான். கொடல்ல. நாலு மாசம் வீட்ல வச்சிருந்தேன். வலி வந்தா சேலைய வாயில வச்சுக் கடிச்சுக்குவா. நான் வெளிய போய் நின்னுக்குவேன். அப்புறந்தான் அந்த எடத்தச் சொன்னாக. சாவு வீடுன்னு நானும் பயந்தேன். கொண்டு போனேன். அங்கனதான் போய்ச் சேந்தா, மறைக்கல. ஆனா கத்தல தாயி. கடைசி இருபது நாளும் தூங்குனா. முழிச்சா எங்கூட நாலு வார்த்த பேசுனா. அது போதும்னு இருந்துச்சு."

நோட்டீசை எடுத்து ராமுத்தாயிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நல்லாக்கிருவாகளா?" என்று காதர் மாமாவிடம் கேட்டார்.

"நல்லாக்க மாட்டாக. வலிய எடுத்துருவாக."

உள்ளேயிருந்து கட்டில் சட்டத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ராமுத்தாய் ஓடினார். நாங்களும் வாசலைத் தாண்டிப் போய் நின்றோம். பெருமாள் துண்டுக்குள்ளிருந்து என்னவோ சொன்னார். வாய்ப்புண்ணால் எங்களுக்குப் புரியவில்லை. ராமுத்தாய் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"காலையிலயே தெரியுமாம்" என்றார் எங்களைத் திரும்பிப் பார்த்து. "துண்டு வெலகுனப்பப் பாத்தாகளாம், கழுத்துல மாலை இல்லையாம். நீ சாமி இல்லன்னு வந்ததுமே தெரியுமாம்."

பிறகு கணவரிடம் குனிந்து, "தெரிஞ்சுக்கிட்டு ஏன் சும்மா கெடந்தீக? கையக் காட்டியிருந்தா நான் வெரட்டியிருப்பேன்ல?" என்று கேட்டார்.

அவர் மறுபடி சொன்னார். இந்த முறை ராமுத்தாய் முந்தானையால் கணவரின் கண்ணோரத்தைத் துடைத்தார்.

"ஒரு மாசங் கழிச்சு இன்னைக்குத்தான் நான் சிரிச்சேனாம். கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டாகளாம்" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெருமாள் கையைத் தூக்கி ரோட்டுப் பக்கம் காட்டினார். போவோம் என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

காதர் மாமா போனில் சொல்லி ஒரு லோடு ஆட்டோவை வரவழைத்தார். பின்னால் மெத்தை விரித்துப் படுக்க வைத்தோம். பள்ளம் மேட்டில் தலை ஆடாமல் இருக்க என் மடியில் தாங்கிக்கொண்டேன். சின்னமனூரைத் தாண்டும்போது எங்கள் ஒன்பது பேரும் கறுப்புப் பனியனில் வரிசையாக நின்று கைகாட்டினார்கள். மறுநாள் அவர்கள் இல்லத்துக்கு நடந்து வந்து சேர்ந்தார்கள், காதர் மாமாவும் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து நடந்தார். பேப்பரில் போட்டோ வந்தது. பத்துப் பேர் இருந்தார்கள். நான் இல்லை. என் கால் இரண்டிலும் கட்டுப் போட்டு, சிஸ்டர் லில்லி என்னை அங்கேயே ஒரு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்.

பெருமாள் பத்தொன்பது நாள் இருந்தார். ராமுத்தாய் காரியமெல்லாம் முடிந்து, இரண்டு மாதத்தில் அதே இல்லத்துக்குச் சமையல் வேலைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அங்கே பெயர் கோழிச்சாமி. நான் போனால் புதிதாக வந்திருக்கிற நோயாளிகளின் உறவுக்காரர்களைக் கூட்டி வைத்து, "இவுகதான் கோழிச்சாமி. இவுக சொல்ற எந்த வாக்கும் பலிக்காது, நம்பிராதீக" என்று அறிமுகப்படுத்துவார். அந்த வராந்தாவில் சிரிப்புச் சத்தம் கேட்கும். பெயர் எப்படியோ கம்பத்துக்கும் வந்துவிட்டது. என் மகள் கல்யாணத்தில் பந்தியில் கோழி பரிமாறியபோது, காதர் மாமா எழுந்து நின்று என் இலையைக் காட்டி "சாமிக்கு இன்னொரு கரண்டி" என்று கத்தினார். சம்பந்தி வீட்டார் விழித்தார்கள். செல்வி அவர்களுக்குக் கதையை நடித்தே காட்டினாள்.

அவள் எப்போது சொன்னாலும் கோழியில் ஊர் அமைதியாகிற இடத்தில் நிறுத்திக்கொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மீதியை அவளிடம் நான் சொன்னதில்லை.

பெருமாளைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று பொழுது சாய்கிற நேரம். சிஸ்டர் லில்லி மருந்து கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ராமுத்தாய் உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தூங்குறாக" என்றார். "நாலு வாட்டி மூக்குல வெரல வச்சுப் பாத்துட்டேன். தூங்கத்தான் செய்றாக. கட்டில விட்டுட்டாக, கை சும்மா கெடக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. வாய்ப் பழக்கத்தில் சாமி என்றுதான் வந்தது.

"ஏஞ் சாமி, காலையிலயே சொல்லியிருந்தீகன்னா மத்தியானமே தூங்கியிருப்பாகல்ல?"

"ஆமாக்கா" என்றேன். "தூங்கியிருப்பாக."